மூன்றாம் கரண்டி

கல்யாணச் சமையல்காரர்களுக்கு ஆடி மாதத்தைக் கண்டாலே ஆகாது. முகூர்த்தம் கிடையாது, மேளம் கிடையாது. அண்டாவும் தேக்சாவும் கவிழ்ந்து கிடக்க, ஆட்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு ஆவணியை எதிர்பார்த்திருப்பார்கள். தொண்டாமுத்தூர் சாலையில் இருக்கும் ஈஸ்வரமூர்த்தியின் கேட்டரிங் கிடங்கில் மட்டும் கதை வேறு. அங்கே ஆடி பிறந்தால்தான் கொண்டாட்டம். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பவானி ஜமக்காளத்தை விரித்துச் சீட்டுக் கச்சேரி தொடங்கிவிடும். ரம்மி என்று நினைத்துவிடாதீர்கள். போக்கர்.

அந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தவன் சசிதர். பீளமேட்டுப் பையன். கோவாவில் ஏழு வருடம் ஓட்டல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மேலாளராக உட்கார்ந்திருக்கிறான். ஓட்டலில் சம்பாதித்தது எங்கே போனது என்று தெரியாது, இந்த ஆட்டம் மட்டும் மிஞ்சியது. அவன் ஆட மாட்டான், சீட்டுப் போடுவதோடு சரி. ஆடுகிறவர்கள் மூன்று பேர். முதலாளி ஈஸ்வரமூர்த்தி, பிரியாணி மாஸ்டர் ஜபருல்லா, பந்தி மேற்பார்வை அன்புக்கரசி.

"காசு வெச்சு ஆடற கை அடுப்புக்கு ஆவாது" என்று ஈஸ்வரமூர்த்தி முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் பந்தயம் முந்திரிப்பருப்பில். ஆளுக்கு முப்பது முழு முந்திரி. நாலு மணிக்கு டீ வரும்போது யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவர் ஜெயித்தார். ஜபருல்லாவுக்குப் பதற்றம் வந்தால் கை தானாக வாய்க்குப் போகும். பாய் தோற்றதைவிடத் தின்றதுதான் அதிகம் என்று ஒரு பேச்சு உண்டு. தின்ற முந்திரி திரும்பாது என்பது சசிதரின் சட்டம்.

ஆட்டம் ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. ஆளுக்கு இரண்டு சீட்டு, மற்றவர் பார்க்கக் கூடாது. நடுவில் பொதுவாக ஐந்து சீட்டு விழும். முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று. கைச்சீட்டும் நடுச்சீட்டும் சேர்த்து யாருடைய சேர்க்கை பெரிதோ அவர் ஜெயித்தார், ஜோடி என்றால் ராஜாவைவிட ஆஸ் பெரிது. ஒவ்வொரு தடவை விழும்போதும் முந்திரியை முன்னால் தள்ளலாம். எதிராளி அதே அளவு வைத்துக் கூட வரலாம், இல்லை சீட்டைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடலாம். எல்லாரும் போய்விட்டால், கையில் குப்பையை வைத்திருந்தவனும் ஜெயித்தவன்தான். ஆட்டத்தின் உயிரே அந்தப் புருடாவில்தான் இருக்கிறது.

அன்புக்கரசிக்குப் புருடாதான் வரவில்லை. வராது என்றும் சொல்ல முடியாது, பாதி வரும். கையில் ஒன்றும் இல்லாதபோது துணிந்து ஒரு தடவை தள்ளுவாள். ஈஸ்வரமூர்த்தி அசராமல் அதே அளவை வைத்துவிட்டால் அவ்வளவுதான், அவள் முகம் சிவந்து போகும். அடுத்த சீட்டு விழுந்ததும், "வேண்டாமுங்கண்ணா, நீங்களே எடுத்துக்கோங்க" என்று சீட்டைக் கவிழ்த்துவிடுவாள். ஒருத்தரைப் பொய் சொல்லித் தொந்தரவு செய்கிற மாதிரி அவளுக்குக் கூச்சமாக இருக்கும். அந்த ஆடியில் மூன்று ஞாயிறும் இப்படியே போயிற்று.

மற்ற ஞாயிறு தோற்றால் போகட்டும். கடைசி ஞாயிறு அப்படியில்லை. ஆவணியின் முதல் கல்யாணத்தில் மெனுவில் எழுதாத ஐட்டம் ஒன்றைக் கேட்டரிங் சார்பில் இலையில் வைப்பது ஈஸ்வரமூர்த்தியின் வழக்கம். அது என்ன ஐட்டம் என்பதைக் கடைசி ஞாயிறு ஜெயித்தவர் முடிவு செய்யலாம், அவர் கையாலேயே சமைக்கவும் செய்யலாம். சொன்னவர் ஈஸ்வரமூர்த்திதான். நாலு வருடமாக ஜெயிப்பவரும் அவர்தான். நாலு வருடமாக இலையில் விழுவது அதே பனீர் வறுவல்தான்.

அன்புக்கரசி மனசில் வேறொன்று இருந்தது. அரிசிபருப்புச் சாதம்.

கொங்கு நாட்டில் அதைச் சமைக்காத வீடு கிடையாது. அதனாலேயே எந்தக் கல்யாண இலையிலும் அதற்கு இடம் கிடையாது. போன வருடம் பேச்சுவாக்கில் அவள் சொன்னபோது ஈஸ்வரமூர்த்தி வயிறு குலுங்கச் சிரித்தார். "ஏம் அம்மணி, ஊட்டுல தினமும் திங்கறதை மொய் வெச்சுப்போட்டு வந்து எவனாச்சும் திம்பானா? கேட்டா நம்ம மானம் போயிரும்." அவர் கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு அது வேடிக்கையாகப் பட்டது, அவ்வளவுதான். அவளுக்குத்தான் சுருக்கென்று தைத்தது.

அவளுடைய அம்மா இதே மாதிரி மண்டபங்களின் பின்பக்கம் உட்கார்ந்து காலமெல்லாம் பாத்திரம் தேய்த்தவள். அன்புக்கரசி காய் நறுக்க வந்து, தண்ணீர் ஊற்றி, இலை போட்டு, பதினைந்து வருடத்தில் பந்திக்கே மேற்பார்வையாக ஆனாள். பின்பக்கத்திலிருந்து முன்பக்கத்துக்கு வந்தாயிற்று. நடுவில் இருந்த அடுப்புக்கு மட்டும் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. பெரிய அடுப்பில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன் கையால் எண்ணூறு பேருக்குச் சமைக்க வேண்டும். அவள் வேண்டாத தெய்வம் இல்லை.

கடைசி ஞாயிறு வந்தது. ஆட்டத்துக்கு முன் நாலு பேருக்கும் வழக்கம்போல இலைச் சாப்பாடு. கை சும்மா இருக்காமல் அன்புக்கரசிதான் பரிமாறினாள். தேங்காய்ப்பால் பாயசத்தோடு அவள் ஈஸ்வரமூர்த்தி இலைக்கு வந்ததும் அவர் உள்ளங்கையை இலைமேல் அப்பி வைத்தார். "வேண்டாம் அம்மணி. சுகர் இருக்குது."

பந்தியில் பழகியவளுக்கு வாய் பொய் சொல்லும், கை சொல்லாது என்று தெரியும். விரல்கள் ஒட்டி, கை இலையோடு படிந்திருந்தால் அந்த ஆளுக்கு நிஜமாகவே வேண்டாம். அவள் அடுத்த இலைக்கு நகர்ந்து, சசிதருக்கு ஊற்றிவிட்டுத் திரும்பினாள். "அரைக் கரண்டிங்கண்ணா?" கை இலையில்தான் இருந்தது, கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் தூக்கியிருந்தது. "வேண்டாம்னு சொல்றனல்லோ." சரியென்று ஜபருல்லாவுக்கு ஊற்றினாள். பாய் கரண்டியைத் தடுக்கிற ஜாதியே இல்லை. மூன்றாம் தடவை ஈஸ்வரமூர்த்தியிடம் வந்தபோது அவர் கை இலையை விட்டு மேலே மிதந்தது, விரல்கள் விரிந்திருந்தன. "போதும், போதும்" என்றார். அந்த விரல்களுக்கு நடுவில் தாராளமாக ஒரு கரண்டி போகும். ஊற்றினாள்.

"உன்ற தொந்தரவு பெரிய தொந்தரவு" என்று சொல்லிக்கொண்டே அவர் இலையை வழித்துச் சாப்பிட்டார்.

ஜமக்காளம் விரிந்தது. மூன்று மணிக்குள் ஜபருல்லா காலி. தோற்றது இருபத்துநாலு, தின்றது ஆறு. "நல்ல பருப்புங்க மொதலாளி, மங்களூர்ச் சரக்கு மாதிரி இருக்குது" என்று மீசையைத் துடைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தார். மிச்சம் எண்பத்துநாலு முந்திரி. டீக்கடையிலிருந்து சைக்கிள் மணி கேட்டபோது ஈஸ்வரமூர்த்தியிடம் ஐம்பது, அன்புக்கரசியிடம் முப்பத்துநாலு.

"கடைசி ஆட்டமுங்க" என்று சசிதர் சீட்டைக் கலைத்தான்.

ஆளுக்கு இரண்டு முந்திரி நடுவில் போனது. அவள் சீட்டை ஓரமாகத் தூக்கிப் பார்த்தாள். ஸ்பேட் ஏழு, ஸ்பேட் எட்டு. சுமார் சீட்டு. நடுவில் முதல் மூன்று விழுந்தன. ஆர்ட்டின் ராஜா, ஸ்பேட் ஒன்பது, ஸ்பேட் நாலு. இன்னும் ஒரு ஸ்பேட் வந்தால் ஐந்தும் ஒரே சின்னம், ஜெயித்த மாதிரிதான். வராவிட்டால் கையில் இருப்பது வெறும் எட்டு.

அவள் நாலு முந்திரியைத் தள்ளினாள்.

ஈஸ்வரமூர்த்தி யோசிக்கவே இல்லை. நாலை வைத்துவிட்டு, தன் இரண்டு சீட்டின்மேலும் உள்ளங்கையை அப்பி வைத்தார். விரல்கள் ஒட்டியிருந்தன.

அன்புக்கரசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்தக் கையை அரைமணிக்கு முன்னால்... இல்லை, இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் பார்த்தாளே! அதே கை. அதே மோதிரம். ஒட்டியிருந்தால் பிடிவாதம், மேலே மிதந்தால் விட்டுக்கொடுக்கப் போகிறார். நாலு வருடமாக எதிரில் உட்கார்ந்து அவர் மூஞ்சியையே பார்த்துப் பார்த்துத் தோற்றிருக்கிறாள், கையைப் பார்க்க ஒரு நாளும் தோன்றவில்லை. தன்னையே ஒரு அறை அறையலாம் போலிருந்தது. சிரிப்பும் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நாலாவது சீட்டு விழுந்தது. டைமன் ரெண்டு. ஒன்றுக்கும் உதவாதது.

வழக்கமாக இந்த இடத்தில்தான் அவள் ஓடிப்போவாள். "எடுத்துக்கோங்கண்ணா" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது அவளுக்கே ஒன்று உறைத்தது. பந்தியில் முதல் 'வேண்டாம்' கேட்டவுடன் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆளை அவள் வேலைக்கு வைப்பாளா? திட்டிவிட மாட்டாளா? திரும்பப் போய்க் கேட்பதில் என்ன கூச்சம், என்ன பொய்? அது உபசாரம். அதைத்தானே பதினைந்து வருடமாகச் செய்து சம்பளம் வாங்குகிறாள்!

இன்னொன்றும் இருந்தது. இந்த ஆட்டத்தில் அவர் சீக்கிரம் எழுந்துபோனால் அவளுக்கு லாபமில்லை. முதல் தடவையே போயிருந்தாலும் அவர்தான் ஜெயித்திருப்பார். இப்போது போனாலும் நாலு முந்திரி வித்தியாசத்தில் அவரேதான். இந்தத் தடவையும் அவர் கூட வர வேண்டும், அடுத்த தடவை எழுந்துபோக வேண்டும். அப்போதுதான் அரிசிபருப்பு.

எட்டு முந்திரியைத் தள்ளினாள்.

"அட!" என்றார் ஜபருல்லா. "தங்கச்சி ரெண்டாந்தடவை போடுது."

ஈஸ்வரமூர்த்தி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எட்டை எண்ணி வைத்தார். கை சீட்டுக்குத் திரும்பியது. கட்டைவிரல் லேசாகத் தூக்கி நின்றது.

அவள் வேண்டிக்கொண்டாள். கடைசிச் சீட்டு ஸ்பேடாக வந்துவிட்டால் இந்தக் கூத்தெல்லாம் வேண்டியதில்லை, மாரியம்மா, ஒரே ஒரு ஸ்பேட். சசிதர் சீட்டைத் திருப்பினான்.

கிளாவர் ஆஸ்.

மாரியம்மனுக்குச் சீட்டாட்டம் பிடிக்காது போலிருக்கிறது. அன்புக்கரசியிடம் இப்போது எட்டு இருக்கிறது, வேறொன்றும் இல்லை. அவள் சீட்டைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையை மட்டும் பார்த்தாள். அது ஒட்டியபடியே இருந்தால் விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். நிறைந்த வயிற்றில் ஊற்றுவது பாவம்.

கை மெல்ல மேலே எழும்பியது. விரல்கள் விரிந்தன.

மிச்சமிருந்த இருபது முந்திரியையும் இரண்டு கையாலும் அணைத்து முன்னால் தள்ளினாள். வாய் தன் பழக்கத்தில் பேசிவிட்டது. "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோங்கண்ணா."

ஜபருல்லாவுக்குப் புரையேறியது.

ஈஸ்வரமூர்த்தி நீண்ட நேரம் நடுச்சீட்டுகளைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார். உரக்கவே யோசிக்க ஆரம்பித்தார், தோற்கப்போகிறவர்கள் எல்லாரும் செய்கிற வேலை. "நாலு வருசமா பாக்கறேன். இந்தப் புள்ள ஒருக்காப் போடும், போட்டுப்போட்டு ஓடிரும். மூணு தடவை போட்டதே இல்லை. ஆஸ் கைலயே இருந்திருக்குது. இல்லீன்னா அம்மணி இப்படிப் பண்ற ஆளே இல்லை."

"அப்படீங்களா மொதலாளி?" என்றான் சசிதர், முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"பொய் சொல்லத் தெரிஞ்சா இவ இந்நேரம் மந்திரி ஆயிருப்பா." அவர் தன் சீட்டை மலர்த்திக் காட்டினார். ராஜாவும் ராணியும். நடுவிலிருந்த ராஜாவோடு சேர்த்து ஜோடி ராஜா. "ஜோடி ராஜாவைக் கவுத்துப்போட்டேன் பாருங்க. எனக்குத் தெரியும், எங்க நிறுத்தோணும்னு." தன் புத்திசாலித்தனத்தில் அவருக்கே பெருமை பொங்கியது.

டீ வந்தது. சசிதர் எண்ணினான். அவரிடம் முப்பத்தாறு. அன்புக்கரசியிடம் நாற்பத்தெட்டு.

"அரிசிபருப்புத்தானே? சரி, வாக்குன்னா வாக்கு" என்றார் ஈஸ்வரமூர்த்தி. டீயை ஊதிக்கொண்டே கேட்டார், "அந்த ஆஸைத்தான் கொஞ்சம் காட்டேன் அம்மணி."

காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்று சசிதர் சொல்ல வாயெடுத்தான். முதலாளி கேட்டு இல்லையென்று சொல்ல அன்புக்கரசிக்கு வராது. இரண்டு சீட்டையும் திருப்பி வைத்தாள்.

ஏழு. எட்டு.

ஈஸ்வரமூர்த்தி சீட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார். டீ டம்ளர் வழியிலேயே நின்றுவிட்டது.

"எட்டா?"

"ஆமாங்கண்ணா."

"வெறும் எட்டை வெச்சுட்டா மூணு தடவை போட்ட?"

"மன்னிச்சுக்கோங்கண்ணா."

அவ்வளவுதான், ஜபருல்லா ஜமக்காளத்தில் உருண்டார். ஈஸ்வரமூர்த்திக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு தொந்தி, பிறகு டீ வேட்டியெல்லாம் சிந்தியது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு மூச்சு வாங்கினார். "அட சாமி! இதை எங்க போயிக் கத்துக்கிட்ட?"

"உங்க இலைலதாங்கண்ணா" என்றாள் அன்புக்கரசி. அவருக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை. அடுத்த ஆடிக்கும் அந்தக் கை வேண்டுமே.

ஆவணி முதல் முகூர்த்தம் சசிதரின் மண்டபத்திலேயே அமைந்தது. விடிந்ததும் அன்புக்கரசி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெரிய அடுப்பின் முன் நின்றாள். கை வைத்ததும் பயம் போய்விட்டது. சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசு முழுசாக எண்ணெயில் வதங்கின. சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை. அரிசியும் பருப்பும் ஒன்றாக விழுந்து, மஞ்சள் நிறத்தில் கொதித்து, தேங்காயும் நெய்யும் சேர்ந்து இறங்கியபோது ஜபருல்லா தன் வேலையை விட்டுவிட்டு வந்து மோப்பம் பிடித்தார். "குழையலை தங்கச்சி. எண்ணூறு பேருக்கு வெச்சும் குழையலை." பிரியாணி மாஸ்டர் வாயிலிருந்து அது வருவது லேசில்லை.

பந்திக்கு யார் போவது? மேற்பார்வை அடுப்பில் நிற்கிறாளே. ஈஸ்வரமூர்த்தியே வேட்டியை மடித்துக் கட்டி வாளியைத் தூக்கினார். "மானம் போனா என்ற கையாலயே போவட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தார். வாளி காலி.

"என்னாச்சுங்கண்ணா?"

"போடு" என்றார்.

இரண்டாவது வாளியும் அப்படியே வந்தது. மூன்றாவதும். அவர் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. இலையில் வாங்கிக்கொண்டு ஒதுக்கி வைக்கிறார்களோ? மரியாதைக்கு வாங்குகிறார்களோ? பொறுக்க முடியாமல் கையைத் துடைத்துக்கொண்டு பந்திக் கூடத்தின் வாசலுக்குப் போய் எட்டிப்பார்த்தாள்.

ஈஸ்வரமூர்த்தி ஒரு பருத்த மனிதரின் இலைக்கு முன் குனிந்து, "அரிசிபருப்பு, கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார். அந்த மனிதர் சொல்லி முடிக்க விடவில்லை. இலையில் இருந்த வெஜிடபிள் பிரியாணியை ஓரங்கட்டிவிட்டு நடுவில் குழி பறித்துக் காத்திருந்தார். பக்கத்தில் பட்டுப்புடவை அம்மாள், "ஏனுங்க, இங்கயும் போடுங்க" என்று கூப்பிட்டாள். அவளுக்கு அடுத்த இலை, அதற்கும் அடுத்த இலை. அன்புக்கரசி வரிசையின் கடைசிவரை பார்த்தாள். எதிர் வரிசையையும் பார்த்தாள். பதினைந்து வருடம் இலைகளின்மேல் கைகளையே பார்த்து வளர்ந்த கண்.

ஒரு இலைமேலும் கை இல்லை.

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல அழுகை. வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டே சிரித்தாள். காலி வாளியோடு வந்த ஈஸ்வரமூர்த்தி அவளைக் கண்டு நின்றார்.

"ஏம் அம்மணி, உன்ற வேலை இவ்வளவு லேசுன்னு சொல்லவே இல்லை? ஒருக்காக் கேக்கறதுக்குள்ள வாங்கிக்கறாங்க."

"அது என்ற வேலை இல்லீங்கண்ணா" என்று அவள் கண்ணைத் துடைத்தாள். "இதுதான் என்ற வேலை" என்று அடுப்பைக் காட்டினாள்.

அவர் காலி வாளியை நீட்டினார்.

"அப்ப நின்னுட்டிருந்தா எப்படி? ரெண்டாம் பந்தி உக்காந்தாச்சு. போடு."